தீர்மான நோட்டில் மனசுக்கும் ஒரு வரி

ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் மத்தியான வேளையில் வாசற்படிகளைப் பாருங்கள். பெண்கள் குனிந்து உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். ‘அப்பர்’ என்று அதற்குப் பெயர். தோலில் உள்ள துளைகளில் ஊசியை நுழைத்து, கெட்டி நூலை இழுத்து இறுக்க வேண்டும். நூல் கையை அறுக்காமலிருக்க விரலில் துணி சுற்றியிருக்கும். கூலி ஜோடிக் கணக்கு. தைக்க வேண்டிய தோல் மூட்டை வராத வாரம் கூலியும் வராது. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது”, “ராத்திரியெல்லாம் ஒரே யோசனை” என்று இந்தப் பெண்கள் சொல்வது பல சமயம் மனப்பதற்றத்தைத்தான். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியிலும் இதற்கு ஒரு சொல் உண்டு: ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள்.

அந்நாட்டுத் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளாகத்தில் போட்ட மர பெஞ்சில் அவர்கள் மனபாரத்தோடு வந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டிகளிடம் பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான். பெஞ்சில் பேசி முடித்த பெண்கள் பிறகு குழுவாகக் கூடுகிறார்கள். கையில் பை பின்னும் வேலை, வாயில் சொந்தக் கதை.

நமக்கு இது அந்நியமல்ல. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1950களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து சிகிச்சை அளித்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தெருத்தெருவாக இருக்கின்றன. அவற்றின் தீர்மான நோட்டில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் ஏறுகின்றன. யார் தூங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

பேசுவதால் கூலி உயராது. அதற்கான போராட்டம் தனியே நடந்தாக வேண்டும். ஆனால் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து மருகுபவளுக்கு, பக்கத்தில் இருப்பவளும் அதையே சொல்லும்போது பாதி பாரம் இறங்கும்.

குழுத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் மனசுவிட்டுப் பேச அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே பேசியது வெளியே போகாது என்று முதலில் தீர்மானம் போடுங்கள். யாருக்காவது பேச்சால் தீராத வேதனை என்றால், அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.