தட்டில் அடங்கிய மனோதர்மம்

எழுதி வைத்த பாட்டை நூறு முறை ஒரே விதமாகப் பாடலாம். ஆனால் மேடையில் அந்தந்தச் சமயத்தில் உதித்து, அப்பொழுதே மறைந்து போகும் கற்பனையை இசைத்தட்டில் பதிந்து வைத்தால் அதன் உயிர் நிற்குமா? சங்கீதப் பிரியர்கள் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி இது. அமெரிக்க தேசத்து வாத்தியக் கோஷ்டி ஒன்று இதற்குக் கண்ட விடை நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

1965-ம் வருஷத்தில் கலிபோர்னியாவில் 'கிரேட்புல் டெட்' என்னும் ராக் இசைக் கோஷ்டி தோன்றிற்று. 'நன்றி மறவாத பிரேதம்' என்பது பொருள். நேயர்கள் அஞ்ச வேண்டாம். இது ஒரு நாடோடிக் கதையின் பெயர். கடன்பட்டு இறந்தவனை அடக்கம் செய்ய ஒருவரும் முன்வராதபோது, வழிப்போக்கன் ஒருவன் தன் கைப்பொருளைச் செலவிட்டு அதைச் செய்கிறான். பின்னர் இறந்தவனின் ஆவியே அவனுக்குத் துணை வருகிறது. இப்பெயரை அகராதியில் கண்டெடுத்தவர், கோஷ்டியின் பிரதான கிதார் வித்வானாகிய ஜெர்ரி கார்ஸியா.

1968-ல் இவர்கள் 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டைச் சிறு தட்டாக வெளியிட்டனர். அது மூன்று நிமிஷங்கூட ஓடாது. வாங்கினவர்களும் மிகச் சிலரே. அதே பாட்டை 1969-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி இரவு ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்தபோது அது சுமார் 23 நிமிஷம் விரிந்தது! பாட்டின் சொற்களோ சில வரிகளே, மற்றதெல்லாம் மனோதர்மம். கார்ஸியாவின் கிதார் ஒரு வழியில் புறப்படுகிறது. பில் லெஷ்ஷின் பாஸ் கிதார், சுருதிக்குக் காவலிருப்பதோடு நில்லாமல், எதிர்க் கேள்வி கேட்கிறது. பாப் வெய்ரின் கிதார் இடையே புகுந்து சமாதானம் சொல்லுகிறது. பக்கவாத்தியம் என்று ஒன்றைத் தனியே சுட்ட இயலாது. ஒருவர் சொல்வதை மற்றவர் உற்றுக் கேளாவிடில் அந்தக் கணமே கட்டுக்குலைந்து போகும் சங்கீதம் இது.

இதனைத் தட்டாக்கும்படி செய்தது, விந்தையாக, கடன்தான். முன்னதாகப் பதிவு நிலையத்தில் மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்த தட்டினால் வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்கு இவர்கள் பெருந்தொகை கொடுக்கவேண்டியதாயிற்று. கச்சேரியைப் பதிவதோ சிக்கனம். எனவே 16 தடங்களில் பதியும் பெரிய இயந்திரத்தை அரங்கத்துக்கே கொண்டுவந்தனர். 1969 நவம்பரில் 'லைவ்/டெட்' என்ற இரட்டைத் தட்டு வெளிவந்தது. கடனாளியின் கதை பெயரில் மட்டுமா இருந்தது!

அதில் 'தி இலெவன்' என்றொரு உருப்படி, பெயருக்கேற்பப் பதினோரு எண்ணிக்கைத் தாளத்தில் சுழலுகிறது. டிரம் வாசித்த இருவரில் ஒருவரான மிக்கி ஹார்ட், நமது தபேலா மேதை அல்லா ராக்காவிடம் பயின்றவர். பிற்காலத்தில் ஜாகிர் ஹுசேனும் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர, அவர் 1991-ல் வெளியிட்ட 'பிளானெட் டிரம்', உலக இசைக்கென முதன்முதலாக ஏற்பட்ட கிராமிப் பரிசைப் பெற்றது.

ஆயினும், ஓர் இரவின் கற்பனை தட்டேறியவுடன் அதுவே இலக்கணமாகி, மறுநாளைக் கற்பனைக்கு விலங்காகி விடாதா? மெய்யான ஆபத்து இது. கோஷ்டியார் அதற்கு இரு வழி செய்தனர். தட்டில் உள்ளபடி அவர்கள் மறுபடி வாசிக்கவில்லை. அன்றியும், ரசிகர்கள் தாங்களே கச்சேரிகளைப் பதிந்துகொள்ள இடங்கொடுத்தனர். 1984-ல் அவர்களுக்கென அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கினர். காசுக்கு விற்கலாகாது என்பதொன்றே நிபந்தனை. நாடாக்கள் கைமாறிக் கைமாறி நாடெங்கும் பரவின. ஒன்று மட்டும் இருந்தால் சட்டமாகும். ஆயிரம் இருந்தால், ஒவ்வொன்றும் ஓர் இரவின் சாட்சி மாத்திரமே.

இலவசமாய்க் கொடுத்தவர்கள் நஷ்டப்பட்டார்களா? இல்லை. நாடாவில் கேட்டவர்கள் நேரில் கேட்க ஓடிவந்தனர். 1995-ல் கார்ஸியா காலமாகிக் கோஷ்டி கலைவதற்குள் 2,300-க்கு மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன. 1977 மே 8-ந் தேதி கார்னெல் சர்வகலாசாலையில் நடந்த கச்சேரி, நாற்பது வருஷம் நாடாக்களிலேயே வாழ்ந்து, 2017-ல்தான் முறையாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 2012-ல், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்றாக ஏற்றுவிட்டது.

பூட்டி வைத்த செல்வம் தேய்வதும், வழங்கிய செல்வம் வளர்வதும் கல்விக்கு மட்டுமன்று, சங்கீதத்துக்கும் பொருந்தும் போலும்.