அம்மா விரலுக்கு ஒரு செம்பு மோதிரம்

அம்மாவின் கல்யாண மோதிரத்தைச் சென்ற ஆண்டு வெட்டித்தான் எடுத்தோம். மூட்டு வாதத்தில் விரல் கணு வீங்கி, சோப்பு, எண்ணெய் எதற்கும் அது அசையவில்லை. அன்றிலிருந்து வெறும் விரல். “இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா தங்கம்?” என்று பேச்சை முடித்துவிடுவார். தங்கம்தானே வேண்டாம், செம்பு இருக்கிறதே என்று தோன்றியது.

ஜொகூர் பாருவில் ராஜமாரியம்மன் ஆலயம் இருக்கும் ஜாலான் உங்கு புவான் வட்டாரம் நம்மவர்களுக்குப் பழக்கமானது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, மாடி அறையொன்றில் பட்டறை வைத்திருக்கிறார் ஒரு பத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்வமாக வருபவர்களுக்குத் தொழிலைக் காட்டிக் கொடுக்கிறார். வாரம் முழுதும் விடியுமுன் பாலம் கடந்து, சிங்கப்பூரில் கணினி முன் உட்காருகிறவன் நான். சுத்தியலைப் பிடித்ததுகூட இல்லை.

“முதல்ல செம்புலதான் பழகணும் தம்பி. கெட்டுப்போனா வயிறு எரியாது” என்றார். நாம் வாங்கும் 916 நகையிலும் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். மீதியில் செம்பும் வெள்ளியும் உண்டு. அந்தக் கலப்புதான் நகைக்கு உறுதி தருகிறது.

அம்மாவின் கணுவைத் தாண்ட 18 மில்லிமீட்டர் உள்விட்டம் வேண்டும். அதை 3.14-ஆல் பெருக்கி, 56.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகட்டை வெட்டினேன். வளைத்துப் பார்த்தால் சிறியதாக இருந்தது! தகட்டின் கனம் 1.5 மில்லிமீட்டர்; அதை மறந்துவிட்டேன். வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். அதனால் 18-உடன் 1.5-ஐக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். 61 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். பொறியியல் படித்தவன் என்பதை நான் பத்தரிடம் சொல்லவில்லை.

புதுத் தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை நெருப்பில் காட்டி, தண்ணீரில் போட்டார். எஃகு என்றால் இறுகிவிடும், செம்போ இளகிவிடுகிறது. ஆனால் தட்டத் தட்ட மறுபடி விறைக்கும், மறுபடி சூடு காட்ட வேண்டும். மரச்சுத்தியால் வளைத்து, முனைகள் இடைவெளியின்றிச் சேரும்வரை அரத்தால் ராவினேன். இதற்கே ஒரு மணி நேரம்.

பற்றவைப்பதில்தான் தடுமாறினேன். இணைப்பில் வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்றாசுத் துண்டை வைத்து, தீயை நேராக அதன்மேல் காட்டினேன். அது உருண்டு திரண்டதே தவிர ஓடவில்லை. “பத்த வைக்கிறதைச் சுடாதீங்க, மோதிரத்தைச் சுடுங்க” என்றார். வளையம் முழுதும் சூடேறியதும், ஒரே நொடியில் வெள்ளிக்கோடு இணைப்புக்குள் பாய்ந்தது. கறுத்துப்போன மோதிரத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, உப்புத்தாளால் மெருகேற்றினேன்.

வீட்டில் அம்மா விரலை நீட்டினார். கணுவில் ஒரு கணம் தயங்கி, உள்ளே போனது.

இரண்டு நாளில் விரலில் பச்சை படிந்தது. வியர்வை பட்டால் செம்பு அப்படித்தான், கழுவினால் போய்விடும். நான்தான் பதறினேன். அம்மா, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து மோதிரத்தையும் புளி போட்டுத் துலக்கிக்கொள்கிறார்.