மது அருந்தி வாகனம் ஓட்டினால் அபராதத்துடன் முடியாது: சட்டம் சொல்வது என்ன?

பெங்களூரு: பெங்களூருவில் வார இறுதி இரவுகளிலும், பள்ளி வாகனங்கள் இயங்கும் காலை வேளைகளிலும் போக்குவரத்து போலீசார் ஓட்டுநர்களிடம் சுவாசப் பரிசோதனை நடத்தி வருகின்றனர். இதில் மது அருந்தியது தெரியவந்தால், அபராதம் செலுத்தி அங்கேயே வழக்கை முடித்துக்கொள்ள முடியாது. அது நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய குற்றமாகும்.

30 மில்லிகிராம் வரம்பு

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-வது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். இங்கிலாந்தில் இந்த வரம்பு 80 மில்லிகிராம். வரம்பைத் தாண்டிய ஒருவர், தாம் நிதானமாகவே ஓட்டியதாகக் கூறித் தப்ப முடியாது.

போதைப்பொருளுக்கு இத்தகைய அளவு எதையும் இப்பிரிவு நிர்ணயிக்கவில்லை. வாகனத்தை முறையாகக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுநர் இருந்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரக் கெடு

மது அருந்தியதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி சுவாச மாதிரி கேட்கலாம். ஆல்கஹால் இருப்பது தெரிந்தால், பிடியாணையின்றிக் கைது செய்யலாம். கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்; தவறினால் அவரை விடுவிக்க வேண்டும் என 202-வது பிரிவு கூறுகிறது.

உரிய காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்பு தனக்கு ஆதரவான சூழ்நிலையாகக் காட்டலாம். அதேவேளையில், மது வாடை, தள்ளாட்டம் போன்ற அறிகுறிகளை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தியிருந்ததாக முடிவு செய்ய இயலாது என உச்ச நீதிமன்றம் 1971-இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே, பரிசோதனை முடிவு வழக்கின் முக்கியச் சான்றாகிறது.

தண்டனை என்ன?

2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கு 6 மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் குற்றம் புரிந்தால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். திருத்தத்துக்கு முன்பு முதல் குற்றத்துக்கான அபராதம் ரூ.2,000 வரை மட்டுமே இருந்தது. ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிம அதிகாரிக்கு அனுப்பவும் சட்டம் வகை செய்கிறது.

தலைக்கவசம் அணியாதது உள்ளிட்ட பல விதிமீறல்களுக்கான அபராதத்தைக் கர்நாடக அரசு 2019 செப்டம்பரில் குறைத்தது. ஆனால், சாலையிலேயே அபராதம் செலுத்தித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185-வது பிரிவு இல்லை. ஆகவே, இதற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

உயிரிழப்பு நேர்ந்தால்

விபத்தில் உயிரிழப்பு ஏற்பட்டால் வழக்கின் தன்மையே மாறக்கூடும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. உயிரிழப்பு நேரக்கூடும் என அறிந்தே செயல்பட்டதாக நிரூபணமானால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக 105-வது பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

மும்பையில் 2006-இல் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் 7 பேர் கார் ஏறி உயிரிழந்த வழக்கில், இத்தகைய குற்றத்துக்காக ஓட்டுநருக்கு விதிக்கப்பட்ட 3 ஆண்டுச் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது.