பெட்ரோல் வாசனையைப் பிடிக்கும் கரி

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளும் கூடவே வந்தாள். மெக்கானிக் அண்ணன் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்ததும், அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். காபி டம்ளர் அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து ரப்பர் டியூப்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போயின.

“இது என்ன மாமா?”

“கேனிஸ்டர் பாப்பா. உள்ளே முழுக்கக் கரிதான்” என்று மெக்கானிக் அண்ணனே பதில் சொன்னார்.

“கரியா? ஸ்கூட்டருக்குள்ள கரி எதுக்குண்ணா?”

நல்ல கேள்வி. வாருங்கள், நாமும் அவளோடு உட்கார்ந்து யோசிக்கலாம்.

பெட்ரோல் பங்குக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஒரு வாசனை ஏறுகிறதே, அது என்ன? பெட்ரோலேதான்! ஆவியாகிக் காற்றில் கலந்த பெட்ரோல் மூலக்கூறுகள் உங்கள் மூக்கு வரை பறந்து வந்திருக்கின்றன. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவை திரவமாக இருக்கப் பொறுமையே இல்லாதவை. தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துபோகும் குளிரில்கூட, தீப்பிடிக்கும் அளவுக்குப் பெட்ரோலிலிருந்து ஆவி கிளம்பும்.

இப்போது மதிய வெயிலில் நிற்கும் ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க் சூடாகிறது. உள்ளே ஆவி பெருகி வெளியே தள்ளுகிறது. இரவில் டேங்க் குளிர்ந்ததும் ஆவி சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. வண்டி ஓடாமல் நின்றாலும் டேங்க் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்து வண்டிகளின் டேங்க் மூடியில் சின்னதாக ஓர் ஓட்டை வைத்தார்கள். பெட்ரோல் அந்த வழியாக நாள்தோறும் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

போனால் என்ன? காசு நஷ்டம், அவ்வளவுதானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இதற்கிடையே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண்ணை எரிக்கும் பழுப்புப் புகைமூட்டம் அடிக்கடி கவிழ்ந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அரீ ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் அந்த ஊருக்குப் பக்கத்தில், கால்டெக் என்ற கல்வி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? அன்னாசிப் பழத்தின் மணம்! பழத்திலிருந்து எழும் ஆவியைக் குளிர வைத்துப் பிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்த கலை. அதே முறையில் ஊர்க்காற்றையும் பிடித்துப் பார்த்தார். துர்நாற்றம் வீசும் பழுப்புத் துளிகள் கிடைத்தன. எரியாத பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயில் பட்டு வினைபுரிந்து ஓசோனையும் புகைமூட்டத்தையும் உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னார். அன்றைய காரிலிருந்து வெளியேறிய ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, எஞ்சினுக்குள் போகாமல் சும்மா ஆவியாகிப் போனதுதான். அன்னாசி வாசனையிலிருந்து ஒரு நகரத்தின் காற்று வரை வந்து சேர்ந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அந்த ஆவியைப் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் 1970 மாடல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் வந்தது. பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது நம் கரி.

சாதாரண அடுப்புக்கரி இல்லை, கிளர்வூட்டிய கரி. கரியை மிக அதிக வெப்பத்தில் நீராவி பட வைத்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழும். அத்தனை துளைச் சுவர்களையும் பிரித்து விரித்துப் போட முடிந்தால், ஒரே ஒரு கிராம் கரியின் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். பன்னிரண்டு பேட்மிண்டன் மைதானம்! டேங்கிலிருந்து வரும் ஆவி கரிக்குள் நுழைந்து அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு. இங்கே மூலக்கூறுகள் மேற்பரப்பில் மட்டும் ஒட்டுகின்றன. மேல்வகுப்பில் ‘பரப்புக் கவர்ச்சி’ என்று படிப்பீர்கள்.

“அப்போ கரி நிரம்பிட்டா, டப்பாவை மாத்தணுமா?” என்றாள் அக்கா மகள்.

வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். எஞ்சினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும் அல்லவா? எஞ்சின் ஓடிச் சூடானதும், வண்டியின் குட்டிக் கணினி ‘பர்ஜ் வால்வ்’ என்ற சின்னக் கதவைத் திறந்துவிடும். எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் வெளிக்காற்று கரிக்குள் புகுந்து ஓடும். ஒட்டியிருந்த ஆவியை உதறி எடுத்துக்கொண்டு நேராக எஞ்சினுக்குள் போகும். அங்கே அது எரிந்து சக்கரத்தைச் சுழற்றும். ஆவி வந்த அளவுக்கு, டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைக் கணினி குறைத்துவிடும். கரியும் காலியாகி அடுத்த மதிய வெயிலுக்குத் தயாராகிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் ஊர்த் தேங்காய் சிரட்டையிலிருந்து அருமையான கிளர்வூட்டிய கரி செய்கிறார்கள். தண்ணீர் சுத்திகரிக்க அது கெட்டிக்காரக் கரி. ஆனால் அதன் துளைகள் மிகவும் குறுகல். பெட்ரோல் ஆவியைப் பிடித்தால் எளிதில் விடாது. அதனால் கேனிஸ்டருக்கு, துளைகள் சற்று அகலமான மரக்கரியைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்கவும் வேண்டும், கேட்டதும் விடவும் வேண்டும்!

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிகளின் மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிகள் நடப்பில் இருக்கின்றன. சோதனைக்காக வண்டியைக் காற்றுப் புகாத அறைக்குள் பூட்டி வைத்து, எவ்வளவு ஆவி கசிகிறது என்று அளப்பார்கள். இருசக்கர வண்டிக்கு 1.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அரை டீஸ்பூன்கூட இல்லை.

மெக்கானிக் அண்ணன் கேனிஸ்டர் டியூபைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது. “சார், பங்க்ல கழுத்து வரைக்கும் நிரப்புறீங்களா?”

ஆமாம். பெட்ரோல் கன் ‘டக்’கென்று நின்ற பிறகும், “ரவுண்டா போட்டுடுங்க” என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்வேன். ஆவிக்கென்று விட்ட இடத்தில் பெட்ரோல் ஏறி, டியூப் வழியாகக் கேனிஸ்டருக்குள் இறங்கியிருக்கிறது. திரவத்தில் ஊறிய கரி ஆவியைப் பிடிக்காது. பெட்ரோல் போட்டுவிட்டு வரும்போதெல்லாம் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததும் இதனால்தான். புது கேனிஸ்டர் மாட்ட வேண்டியதாயிற்று.

வீடு திரும்பி வண்டியை வாசல் வெயிலில் நிறுத்தினோம். அவள் டேங்க் பக்கம் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தாள். வாசனை இல்லை.

“மாமா, இப்போ கரி பிடிச்சுக்கிட்டு இருக்கிற பெட்ரோல்லதான் நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போவேனா?”

“கொஞ்ச தூரம்” என்றேன்.

“தெருமுனை வரைக்கும்?”

“அது வரைக்கும்னு வச்சுக்கோ!”