அதிர்வடக்கியும் அதற்கொரு புதிய மூளையும்

மோட்டார் வண்டியில் 'ஷாக் அப்சார்பர்' என வழங்கும் உறுப்பைத் தமிழில் 'அதிர்ச்சி தாங்கி' என்பர். சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும் செயலுக்குப் பொருந்தாது. சாலை மேட்டின் அதிர்ச்சியைத் தாங்குவது சுருள்வில். அவ்வில் தாங்கிய பின் எழும் ஊசலாட்டத்தை அடக்குவதே இவ்வுறுப்பின் தொழில். ஆதலின் 'அதிர்வடக்கி' என்பதே தகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கே, பந்தயப் பாங்கான கார்களில் இன்று சிலர் தாமே வாங்கிப் பொருத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பயனும் எல்லையும் விளங்கும்.

சுருள்வில்லில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, இழுத்து விட்டால் அது நெடுநேரம் ஆடும். கல் நீருள் மூழ்கியிருப்பின் விரைவில் அடங்கும். கெட்டியான எண்ணெயுள் இருப்பின் ஆட்டமின்றி மெல்லத் தன்னிலைக்குத் திரும்பும். வகுப்பறையிலேயே செய்து காட்டத்தக்க இச்சோதனையே அதிர்வடக்கியின் உட்பொருள். அதன் உருளையுள் பிஸ்டன் எண்ணெயைச் சிறு வழிகளினூடே தள்ள, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகக் கழிகின்றது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வண்டியின் உடல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு முறை ஆடுவது. சக்கரமோ பத்து முறைக்கு மேல் துள்ளுவது. அடக்கி மிக மென்மையாயின் உடல் தொட்டில்போல் ஆடும். மிகக் கடுமையாயின் சக்கரம் கரடான சாலையில் தரையை விட்டெழும். டயர் தரையைத் தொடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா. எனவே நிலையான துளையுடைய அடக்கி எஞ்ஞான்றும் ஒரு சமரசமே.

இச்சமரசத்தைத் தளர்த்த வந்தது மின்னணு முறை. ஜெர்மனியின் போர்ஷ நிறுவனம் 2004 இல் வெளியிட்ட 997 வகை 911 கார்களுள் கரேரா எஸ் என்பது அத்தகைய அடக்கிகளோடு வந்தது. மின்னோட்டத்திற்கேற்ப வால்வு எண்ணெயின் வழியை மாற்றும். ஓட்டுநர் தெரிந்தெடுக்க 'நார்மல்', 'ஸ்போர்ட்' என இரு நிலைகள் உண்டு.

அவ்வாறாயின் புதிய பெட்டி எதற்கு? தொழிற்சாலைப் பெட்டி, கார் வாங்குவோர் அனைவர்க்கும் எல்லாச் சாலைகட்கும் பொதுவாக எழுதப்பட்ட விதிகளை உடையது. அவ்விதிகளை உரிமையாளர் திருத்த இயலாது. புதிய பெட்டியை அதே இணைப்பில் செருகினால், வில்லும் அடக்கியும் பழையனவாகவே நிற்க, விதிகள் மட்டும் மாறும். வேகம், ஸ்டியரிங் திரும்பிய அளவு, பிரேக்கின் அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு சக்கரத்திற்கும் எவ்வளவு கடுமை வேண்டும் என்பதை உரிமையாளரே மடிக்கணினியில் அட்டவணையாக எழுதலாம். இடப்பக்கம் திரும்பத் தொடங்கிய உடனே, உடல் சாயும்வரை காத்திராது, வலப்பக்க அடக்கிகளைக் கடுமையாக்கச் செய்யலாம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 50 மீட்டர் செல்லும். நொடியில் பத்திலொரு பங்கு தாமதித்தாலும் 5 மீட்டர் கடந்துவிடும். முன்கூட்டி அறிதலின் அருமை இதனால் புலப்படும்.

இனி, எல்லைகளையும் கூறுதல் வேண்டும். வால்வின் இயல்பான அளவுக்கு அப்பால் எப்பெட்டியும் அடக்கியைக் கடுமையாக்காது. எண்ணெய் கசிந்து தேய்ந்த அடக்கியை எந்த அட்டவணையும் புதுப்பிக்காது. வளைவில் வெளிச்சக்கரங்கட்குப் பெயரும் சுமையின் மொத்த அளவையும் பெட்டி மாற்றாது. அதனை உறுதிசெய்வன வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், சக்கரங்களின் இடையகலம், வளையும் வேகம் ஆகியவை. அச்சுமை எவ்வளவு விரைந்து பெயரும் என்பதே அடக்கியின் ஆட்சிக்கு உட்பட்டது.

பெரும்பிழை, கடுமையே விரைவு என்று எண்ணுதல். 1927 இல் திறக்கப்பட்ட ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் வடக்குச் சுற்று ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமும் பல மேடுபள்ளங்களும் உடையது. வழவழப்பான பாதைக்கென எழுதிய கடுமையான அட்டவணையோடு அங்குச் செல்லும் கார், பிடிப்பு மிகத் தேவையான இடத்திலேயே துள்ளிப் பிடிப்பை இழக்கலாம். ஆதலின் மூடிய பாதையில், ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்து, பயனைக் குறித்துக்கொண்டு மேற்செல்லுதலே நெறி.

'தாங்கி' என்று நினைப்பவர் வலிமையைக் கூட்டவே விழைவர். 'அடக்கி' என்று அறிந்தவர் அளவை நாடுவர். ஒரு பெயரைத் திருத்துவதால் விளையும் நன்மை இத்துணை.