நூலகமும் நம் இல்லங்களும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் மாணவி)

நூலகம் அறிவுக் கோயில் என்று மேடைதோறும் பேசுகிறோம். கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். எங்கள் ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமிக்கு நேர்ந்துகொண்டு, அனுமன் நதியின் படிகளில் பாயசம் ஊற்றிச் சிறுவர்களை உண்ணச் செய்யும் படிப்பாயசத்துக்குப் பாட்டி முதல் பேரன் வரை வீடே திரண்டு வரும். அறிவுக் கோயிலுக்கு மட்டும் ஏன் வீடு திரண்டு போவதில்லை? மக்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுவது எளிது. அது சரியான தீர்ப்புதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரி நம்முடையது

முதலில் ஓர் உண்மையை நாம் உணர வேண்டும். பொது நூலகம் எவரோ இட்ட பிச்சையன்று. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் கண்ட முதல் மாநிலம் நம்முடையதே. இதற்குப் பின்னே நின்ற பேரறிஞர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். அவர் முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அறிவியல் மாணவர்களாகிய நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது!

அச்சட்டத்தின்படி ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் வீட்டு வரியோடு நூலக வரியையும் தண்டுகின்றன. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. ஒரு வீட்டுக்கு 500 ரூபாய் சொத்து வரி என்றால், அதற்கு மேல் 50 ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியே இதைச் சுமக்கிறார். ஆகவே நூலகத்தின் வாசலை ஒரு முறையும் மிதியாத குடும்பமும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கடையில் காசு கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் திரும்புவோமா? நூலகத்தில் மட்டும் ஆண்டுதோறும் அதையே செய்கிறோம்.

போகாததன் காரணங்கள்

எங்கள் தெருவில் சிலரிடம் இது பற்றி வினவினேன். கிடைத்த விடைகள் சிந்திக்கத்தக்கவை.

“ஏட்டி, அங்க போயி உக்கார எனக்கு ஏது நேரம்? தட்டத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சா பீடி சுத்த முடியும்?” என்றார் ஒரு பெரியம்மை. தென்காசி வட்டாரத்தில் பெண்களுக்குப் பீடி சுற்றுவது பரவலான வீட்டுத் தொழில். இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, எண்ணிக் கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. எண்ணிக்கைக்குக் கூலி என்னும்போது ஒவ்வொரு நிமிடமும் காசு. மாலையில் நூலகம் திறந்திருக்கும் நேரமோ, அவர்கள் அடுப்பு மூட்டும் நேரம். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று. நேரமே இல்லாத வாசகரை நூலகம் எப்படி அடைவது என்பதே எங்கள் தெருவின் வினா.

“அது பரீட்சைக்குப் படிக்க பிள்ளைகளுக்குல்லா!” என்றார் மற்றொருவர். இதுவும் முற்றிலும் பொய்யன்று. அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களே இன்று பல நூலகங்களில் நிறைந்திருக்கின்றனர். அவர்கள் வருவது நன்று. வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே கரையேறும். ஆயினும் தேர்வு எழுதாதவருக்கு அங்கே இடமில்லை என்னும் எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது.

மூன்றாவது காரணம் கூச்சம். வாசலை ஒட்டிய செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஆண்கள் அமர்ந்திருக்க, அவர்களைக் கடந்து அலமாரிக்குச் செல்ல நடுத்தர வயதுப் பெண் தயங்குகிறாள். நான்காவது அச்சம். “புஸ்தகம் தொலஞ்சா யாரு துட்டு கட்ட?” என்று கேட்டவர் பலர். சிறு குழந்தை உள்ள வீட்டில் இது நியாயமான அச்சமே.

இவற்றுள் எதுவும் படிப்பின்மேல் வெறுப்பன்று. நேரமும் கூச்சமும் அச்சமுமே இடையில் நிற்கின்றன. வேதியியலில் சில வினைகள் நிகழ்வதற்கு எல்லாத் தகுதியும் பெற்றிருந்தும், தொடக்கத்தில் தேவைப்படும் கிளர்வு ஆற்றல் கிடைக்காமையால் அப்படியே நின்றுவிடும் என்று படிக்கிறோம் அல்லவா? நம் குடும்பங்களின் நிலையும் அதுவே.

போகும் குடும்பங்கள்

நூலகத்தைப் பயன்படுத்தும் குடும்பங்களும் உண்டு. அவற்றில் பொதுவாக ஒன்றைக் காணலாம்: வீட்டில் யாரேனும் ஒருவர் நூலைச் சுமந்து வருபவராக இருப்பார். அண்ணன் எடுத்துவரும் நாவலை அண்ணியும், அண்ணி வைத்துவிட்டுப் போனதை அத்தையும் படிப்பார்கள். ரமணிசந்திரனின் நாவல்கள் இப்படித்தான் எத்தனையோ அடுக்களைகளுக்குள் நுழைந்தன. ஓர் உறுப்பினர் அட்டையில் நான்கு பேர் படிப்பது இவ்வாறே.

நூல் மக்களைத் தேடிப் போவது நமக்குப் புதிதன்று. 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றனர். மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் பி.என். பணிக்கர் 1945இல் சிற்றூர் நூலகங்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். அங்கே நூலகத்தை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவே நடத்துகிறது. ஆகையால் அது அரசு அலுவலகமாக அன்றி ஊர்ச் சாவடியாக விளங்குகிறது. நம் மாநிலத்திலும் 2022இல் நூலக நண்பர்கள் என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் நூல்களை வீட்டுக்கே கொண்டு தருகின்றனர். நூலகத்துக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது பெருந்துணை. 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் இயங்கிவரும் ஆய்க்குடியில் இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையும் செவியும்

நூல் வீட்டுக்கு வந்துவிட்டது என்றே கொள்வோம். பீடி சுற்றும் கை அதை எப்படி விரிக்கும்? இதற்கு விடை கண்டவர்கள் தொழிலாளர்களே. கியூபா நாட்டின் அவானா நகரச் சுருட்டு ஆலைகளில் 1865ஆம் ஆண்டு முதல், தொழிலாளர் சுருட்டுச் செய்துகொண்டிருக்க ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிக்கும் வழக்கம் தோன்றியது. அவருக்குக் கூலி தந்தவர்கள் தொழிலாளர்களே! அவர்கள் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் டூமாவின் நாவலின் பெயரே மாண்டிகிறிஸ்டோ என்னும் சுருட்டுக்கும் அமைந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளரிடையே இதே வழக்கம் இருந்தது. ஒருவர் படிப்பார், அவர் இழக்கும் கூலிக்கு ஈடாக மற்றவர்கள் தாம் சுற்றியதில் சில பீடிகளைத் தருவார்கள். 1969இல் அங்கே தோன்றிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. பள்ளியில் நெடுநாள் பயிலாத அத்தொழிலாளர்கள் உலக நடப்பை விவாதிப்பவர்களாக விளங்கினர்.

நம் மரபும் இதுவே. இவ்வூரோடு சேர்த்துப் போற்றப்படும் வள்ளல் ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடினார். மன்னன் அப்பாடலைச் செவியால் கேட்டான். வள்ளுவரும் கல்லாமை அதிகாரத்தை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். பெரிய எழுத்துக் கதைகளை ஒருவர் படிக்கத் தெருவே கூடிக் கேட்ட காலத்தைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். தனியே அமர்ந்து ஓசையின்றிப் படிப்பவருக்காகவே நூலகம் என்று கருதுவதால், கேட்கும் வாசகர்களை நாம் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிட்டோம்.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையினர். என் இல்லத்திலும் அப்படியே. என் தாய் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் சுற்றிய பீடியின் கூலி என் தேர்வுக் கட்டணமாயிற்று. வீட்டு வரியோடு நூலக வரியைக் கட்டுபவரும் அவரே. அவருக்கு அந்த நூலகத்திலிருந்து இதுநாள்வரை வந்து சேர்ந்தது என்ன என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆயினும் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் நூலகத்தில் உறுப்பினராகலாம். தமக்கு ஒரு நூல் எடுக்கும்போது வீட்டாருக்கு ஒரு நூல் எடுக்கலாம். இரவில் கால்மணி நேரம் அதை உரக்கப் படிக்கலாம். வாரந்தோறும் ஒரு பொழுதைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒதுக்குமாறு நூலகத்தின் வாசகர் வட்டத்தில் கேட்கலாம். பேராசிரியப் பெருமக்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக மாணவர்களை நூலக நண்பர்களாக அனுப்பலாம்.

வினையைத் தூண்டிவிட்டுத் தான் குறையாமல் நிற்பது வினையூக்கியின் இயல்பு. வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையே நாம் வினையூக்கிகளாவோம். உரக்கப் படிப்பதால் நம் படிப்பும் குறைந்துவிடப் போவதில்லை. வரி கொடுத்த கைகள் வேலையில் இருக்கட்டும். அந்தச் செவிகளுக்கு உரியதை நாம் கொண்டு சேர்ப்போமாக!