நீங்கள் பிறந்த மாதத்துக்கு எந்தப் பூ? மதுரை மண்ணின் 12 மாதப் பூக்கணக்கு

பிறந்தநாள் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுகிறது. 'ஜனவரியில் பிறந்தவரா? உங்கள் பூ கார்னேஷன், ஸ்னோடிராப். மார்ச் என்றால் டாஃபோடில். மே என்றால் லில்லி ஆஃப் த வேலி.' கூடவே ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணம், ஓர் அர்த்தம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கட்டும் அக்காவிடம் போய் 'ரெண்டு முழம் ஸ்னோடிராப் குடுங்க' என்று கேட்க முடியுமா?

அந்தப் பட்டியலில் தவறு ஒன்றுமில்லை. அது குளிர்தேசத்து மண்ணின் கணக்கு. பனி விலகாத தரையிலிருந்து முதலில் தலைநீட்டும் பூ ஸ்னோடிராப். அதனால் அங்கே அதற்கு 'நம்பிக்கை' என்று பொருள். வசந்தம் வந்ததைச் சொல்வது டாஃபோடில். அதனால் அது 'புதுத் தொடக்கம்'. 1819-ல் பாரிஸில் சார்லோட் டி லத்தூர் என்ற பெயரில் பூக்களின் மொழியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியானது. அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்க பூவுக்கு அர்த்தம் சொல்லும் ஆசை பரவியது.

நமக்கு இது புதிதா என்ன?

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்துக்கே பூவின் பெயர் வைத்தவர்கள் நாம். சண்டைக்குக்கூட பூ உண்டு. ஆநிரை கவரப் போனவர்கள் வெட்சி சூடினார்கள். மீட்கப் போனவர்கள் கரந்தை. கோட்டையை முற்றுகையிட்டவர்களுக்கு உழிஞை, உள்ளே நின்று காத்தவர்களுக்கு நொச்சி, நேருக்கு நேர் மோதியவர்களுக்கு தும்பை. இன்றைக்கும் ஜெயித்த அணியை 'வாகை சூடியது' என்றுதான் செய்தியில் எழுதுகிறோம். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, மதுரை ஆண்ட பாண்டியனுக்கு வேப்பம்பூ. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை பூவையும் சூடியவர்கள் ஆண்கள்!

மாதத்துக்கு ஒரு பூ

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த மாதம் எது பூக்கிறது, எந்த விசேஷத்துக்கு எது வருகிறது என்று பார்த்தாலே நமக்கான பிறந்த மாதப் பூ கிடைத்துவிடும். இது பழைய ஏடு எதிலும் உள்ள பட்டியல் அல்ல. பூ வளரும் விதத்தையும் நம் வழக்கத்தையும் வைத்துச் சேர்த்தது.

சித்திரை – வேப்பம்பூ: வருஷப் பிறப்பன்று பச்சடியில் விழும் பூ. சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகத்தன்று மீனாட்சி சூடுவதும் வேப்பம்பூ மாலைதான். கசப்பையும் ஏற்றுக்கொண்டு ஆளும் பக்குவம் இதன் அர்த்தம்.

வைகாசி – மல்லிகை: வெயில் ஏற ஏறப் பூத்துக் குலுங்கும். தடித்த இதழ், நேரம் கழித்து மலரும் மொட்டு, நின்று நிலைக்கும் வாசம். இதற்காகவே 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெக்கையிலும் வாடாத மனசு.

ஆனி – மகிழம்பூ: மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக் கோத்துக்கொள்ளலாம். காய்ந்து சருகானாலும் வாசம் போகாது. மறக்காத உறவு.

ஆடி – கடம்பு: மதுரைக்குக் கடம்பவனம் என்றே ஒரு பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் இதுதான். நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்து ஒரே பந்தாகத் தெரியும். கூட்டுக்குடும்பத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

ஆவணி – எருக்கு: பிள்ளையார் சதுர்த்திக்கு மாலையாகும் பூ. யாரும் தண்ணீர் ஊற்றாமல் புறம்போக்கில் தானே வளரும். இதே மாதம் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில், புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நடக்கும். யாருமற்ற கிழவி வந்திக்காக சொக்கநாதரே கூலியாளாக வந்த கதை அது. தனியாக நிற்பவர்களின் பூ என்று எருக்கைச் சொல்லலாம்.

புரட்டாசி – செண்டுமல்லி: மெக்சிகோவிலிருந்து வந்து நம் ஊர்ப் பூவாகவே மாறிவிட்டது. அங்கே இறந்தவர்களை வரவேற்கும் நாளில் வைப்பார்கள். இங்கே ஆயுதபூஜைக்கு ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் மாலையாகப் போடுகிறோம். உழைப்புக்கு மரியாதை.

ஐப்பசி – செவ்வந்தி: மேற்கத்தியப் பட்டியலிலும் நவம்பருக்கு இதே இனப் பூதான். ஜப்பானில் அரச குடும்பத்தின் சின்னம். பிரான்ஸில் கல்லறைக்கு வைக்கும் பூ. நமக்கோ சாமிக்கும் கல்யாணத்துக்கும் உரியது. பூவின் அர்த்தம் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு இதுவே சாட்சி.

கார்த்திகை – செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். சுடர் போல மேல்நோக்கி வளைந்த இதழ்களால் இதுவே ஒரு விளக்கு மாதிரி இருக்கும். கார்த்திகைப்பூ என்றும் பெயர். இதன் விதையில் இருந்து மூட்டுவலி மருந்துக்கான பொருள் எடுக்கிறார்கள். ஆனால் செடி முழுக்க விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்க வேண்டாம்.

மார்கழி – பூசணிப்பூ: கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் அமரும் பூ. மல்லி வரத்து குறைந்து, கிலோ ஆயிரங்களைத் தொடும் மாதம் இது. செலவே இல்லாமல் வாசலை நிறைப்பது பூசணிப்பூ. எளிமையின் அழகு.

தை – ஆவாரம்பூ: பொங்கலுக்கு முன் வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுவோமே, அதுதான். வறண்ட காட்டிலும் மஞ்சளாகச் சிரிக்கும். பாதுகாப்பும் ஆரோக்கியமும்.

மாசி – கல்யாண முருங்கைப்பூ: இலையெல்லாம் உதிர்ந்த மொட்டைக் கிளையில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். எல்லாம் போனபிறகும் எழுந்து நிற்கும் தைரியம்.

பங்குனி – புங்கம்பூ: வெயில் தொடங்கும்போது புதுத்தளிர் விட்டு, மரத்தடியில் பொரி போலப் பூவை உதிர்க்கும். பிறருக்கு நிழலாக இருக்கும் குணம்.

மாதத்துக்கு மட்டுமல்ல, வயதுக்கும் பூ உண்டு. கொடைக்கானல் மலைப்பகுதியில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியை வைத்து, பளியர் பழங்குடியினர் வயதைக் கணக்கிட்ட வழக்கம் உண்டு. 2006, 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்.

பிறப்போடு வந்த பூ

பிறந்த மாதப் பூ என்று ஆசையாகப் பேசும்போது, இன்னொன்றையும் பேசத்தான் வேண்டும். நம் வீடுகளில் பூவுக்குக் கொடுத்த மிகக் கடுமையான அர்த்தம், 'கட்டினவன் இருக்கும்வரைதான்' என்பது. பெண் குழந்தைக்கு முடி வளரும் முன்பே, ஆசைக்கு ஒரு கிள்ளு பூ வைத்து அழகு பார்ப்போம். பள்ளிக்கூடம் போகும்போது, பெரியவளானபோது, வளைகாப்பில் என்று அவளோடு வளர்ந்த பூ அது. கணவர் இறந்த அன்று அதே பூவை வைத்துவிட்டு உடனே எடுத்துவிடும் சடங்கு இன்னும் பல ஊர்களில் நடக்கிறது.

அதற்குப் பிறகு மகள் கல்யாணத்தில்கூட பூத்தட்டு அந்த அம்மாவைத் தாண்டித்தான் போகிறது. தெருவில் முழம் போட்டு விற்றுப் பிழைத்தாலும், தன் தலையில் ஒரு கண்ணி வைக்கத் தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள். தாலி கல்யாணத்தன்று வந்தது. பூ அப்படியா? அது பிறந்ததிலிருந்து கூடவே வருவது. பிறப்போடு வந்ததை இன்னொருவரின் இறப்பு எப்படி எடுத்துக்கொண்டு போகும்?

பெயரன், பேத்திகள் தலையெடுத்த பல வீடுகளில் இப்போது இது மாறிக்கொண்டும் வருகிறது. 'வச்சுக்கங்க அம்மாச்சி' என்று பேத்தி நீட்டும்போது மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்கிறார்கள் பாட்டிகள். சிலருக்கு விருப்பம் இருக்காது, அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் கேட்காமலே தட்டைத் தாண்டிக் கொண்டுபோவது நியாயமில்லை.

இந்த முறை வீட்டில் பிறந்தநாள் வந்தால், கேக்கோடு அவர்கள் மாதத்துப் பூவையும் தேடிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள். இடமிருந்தால் ஒரு மகிழங்கன்றோ, தொட்டியில் ஒரு மல்லிப் பதியனோ நடலாம். வீட்டில் பூ வைக்காமல் இருக்கும் அம்மாவோ, அத்தையோ, அப்பத்தாவோ இருந்தால் அவர்கள் பிறந்த மாதத்தையும் விசாரித்து வையுங்கள். சரியான தேதி தெரியாவிட்டாலும் 'சித்திரைத் திருவிழா சமயம்', 'பொங்கல் கழிச்சு' என்று ஏதாவது ஒரு குறிப்பு அவர்களிடம் நிச்சயம் இருக்கும். பூ வாங்க அது போதும்.